மிளகின் பெயரில் வந்த மிளகாய்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வணிகமும் கடற்பயணங்களும் நாடுகளின் சமையலை எப்படி உருவாக்கின என்பது இன்றைய பொருள். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடக்கூடிய பொருளல்ல இது. ஆகவே ஒரே ஒரு காயை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் காய் மிளகாய். வழியில் தக்காளியும் மக்காச்சோளமும் தேயிலையும் சாட்சிக்கு வரும்.

இந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஐரோப்பியர் நறுமணப் பொருள்களைத் தேடிக் கடலில் இறங்கினார்கள். உலகம் ஒன்றோடொன்று கலந்தது. எல்லா நாட்டு உணவும் மாறியது. இதில் பாதிதான் சரி. அவர்கள் எதைத் தேடிப் போனார்களோ, எதற்காகக் கோட்டை கட்டிக் குருதி சிந்தினார்களோ, அந்தச் சரக்கு எந்த நாட்டின் அன்றாடச் சமையலையும் அடியோடு புரட்டிவிடவில்லை. அவர்கள் பெரிதாக எண்ணாமல் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்து போட்ட விதைகள்தாம் புரட்டின. நான் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான்: ஒரு சரக்கு என்ன விலைக்குப் போனது என்பதைக் கொண்டு அது சமையலை எவ்வளவு மாற்றியது என்று கணக்கிட முடியாது. அதன் விதை ஏழையின் கொல்லையில் முளைத்ததா, முளைத்ததை வைத்துக்கொள்ள அந்த வீட்டு அடுப்பங்கரையில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளே அதைத் தீர்மானித்தன.

முதலில் மிளகு. சங்க இலக்கியத்தில் அதற்குக் கறி என்று பெயர். யவனர் கலங்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றின் 149ஆம் பாட்டில் இருக்கிறது. புகார்த் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களைப் பட்டினப்பாலை அடுக்கும்போது மிளகு மூட்டையையும் சேர்த்தே சொல்கிறது. மறுகரையில், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்தார். வெறும் காரத்தைத் தவிர வேறெந்தச் சிறப்பும் இல்லாத ஒரு மணிக்கு மனிதர் ஏன் இப்படி ஆசைப்படுகிறார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லை. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் ஒரு கோயிலின் தரையில் புதைத்து வைத்திருந்த சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு, கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகளுக்குப் பின் அகழாய்வாளர் கைக்குக் கிடைத்தது. இத்தனை பெரிய வணிகத்தின் முடிவு என்ன? ஐரோப்பிய மேட்டுக்குடியினர் நூற்றாண்டுக் கணக்கில் மிளகைப் பகட்டாகத் தின்றார்கள். கப்பல்கள் பெருகி விலை இறங்கியதும் அதை மெல்ல ஒதுக்கத் தொடங்கினார்கள். 1651இல் லா வரேன் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூல், வெண்ணெயும் இறைச்சிச் சாறும் கீரைத் தழைகளும் ஆளும் புதிய சமையலுக்கு அடையாளம். மிளகு உப்புக்குத் துணையாக மேசையோரத்தில் ஒதுங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலும் ஈரமும் கேட்கும் அந்தக் கொடி, ஐரோப்பாவில் எந்தக் குடியானவன் வீட்டு வேலியிலும் படரவில்லை. கடைசிவரை அது கடைச்சரக்காகவே இருந்தது.

இப்போது மிளகாய். மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் பயிரிட்டு வந்த செடி அது. மிளகின் நாட்டைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், 1493 ஜனவரியில் ஹிஸ்பானியோலா தீவில் இருந்தபோது அதைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதினார். இங்குள்ளவர்களின் மிளகு இது, நம் மிளகைவிட மேலானது, இது இல்லாமல் இவர்கள் உண்பதில்லை, ஆண்டுக்கு 50 கப்பல் நிறைய ஏற்றலாம் என்பது அவர் குறிப்பின் சாரம். வணிகரின் கண் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் அந்த 50 கப்பல்கள் ஒருபோதும் தேவைப்படவில்லை. மிளகுக்கொடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மிளகாய் நாற்றை நட்டால் மூன்று மாதத்தில் காய் பறிக்கலாம். ஒரு காய்ந்த பழத்துக்குள் ஒரு தோட்டத்துக்கான விதை இருக்கிறது. ஒரு முறை கரை இறங்கிவிட்டால் பிறகு அதற்கு வணிகனே வேண்டாம். யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாத, அதனால் பெரிய லாபமும் தராத சரக்கு அது. வரலாற்றில் அது இத்தனை ஓசையில்லாமல் பரவியதற்குக் காரணமும் இதுவே.

ஓசையில்லாமல் வந்தது என்றாலும் தடயம் விடாமல் வரவில்லை. ஒவ்வொரு மொழியும் அதற்கு வைத்த பெயரில் தடயம் இருக்கிறது. 1542இல் ஜெர்மானியத் தாவர அறிஞர் ஃபுக்ஸ் தம் நூலில் மிளகாய்ச் செடியின் அழகான படத்தைச் சேர்த்து, அதற்குக் கள்ளிக்கோட்டை மிளகு என்று பெயரிட்டார். கொலம்பஸ் பார்த்து ஐம்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அது இந்தியாவிலிருந்து வந்த செடியாகிவிட்டது. ஹங்கேரியர் துருக்கி மிளகு என்றார்கள். இன்று உலகம் அறிந்த பாப்ரிகா என்ற சொல்லும் மிளகைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லின் செல்லப்பெயர்தான். 1591இல் சீனத்தின் ஹாங்சோ நகரத்து எழுத்தாளர் காவ் லியன் அதை வெளிநாட்டு மிளகு என்று குறித்தார். ஜப்பானியர் சீனத்துக் கடுகு என்றார்கள். கொரியாவில் 1614இல் யி சு-குவாங் என்ற அறிஞர் ஜப்பானியக் கடுகு என்று எழுதினார். யாருமே பிறந்த ஊரைச் சொல்லவில்லை. தம் வாசலுக்கு யார் கொண்டுவந்தாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். இதைவிட முக்கியமான செய்தி பெயரின் மற்றப் பாதியில் இருக்கிறது. ஓரிடத்தில் மிளகு, ஓரிடத்தில் கடுகு. தங்கள் சமையலில் காரத்துக்கு எது ஏற்கெனவே இருந்ததோ அதன் இடத்தில்தான் ஒவ்வொருவரும் இந்த விருந்தாளியை உட்காரவைத்தார்கள்.

தமிழ் வெளிநாட்டு அடைமொழி எதையும் தேடாமல் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்று உறவு சொல்லிவிட்டது. தெலுங்கும் கன்னடமும் செய்தது இதே வேலை. மலையாளத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே முளகு என்றாலே இப்போது மிளகாய்தான். மிளகு தன் சொந்த மண்ணிலேயே குருமுளகு, நல்லமுளகு என்று அடைமொழி சூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. குமரி மாவட்டத்துத் தமிழிலும் நல்லமிளகு என்ற வழக்கு உண்டு. சிங்களத்திலும் மிரிஸ் என்றால் மிளகாய். மிளகுதான் கம்மிரிஸ் என்று முன்னொட்டு பெறுகிறது. பின்னால் வந்தவன் வீட்டுக்காரனாகி, வீட்டுக்காரன் வாடகைக்கு வந்தவனைப் போல அடையாளம் சொல்ல வேண்டிய நிலை. இந்த இடமாற்றம் எப்போது நடந்தது என்று நாள் குறிக்க முடியாது. போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தது 1510. அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எழுதப்பட்ட அயினி அக்பரி முகலாய அடுக்களையின் பண்டங்களை விரிவாகச் சொல்லும்போதும் காரத்துக்கு மிளகைத்தான் குறிக்கிறது. கடற்கரையில் இறங்கிய விதை நாடெங்கும் வேர்விட இரண்டு மூன்று தலைமுறையாவது ஆகியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மிளகாய் நம் மண்ணில் முன்பே இருந்திருக்கக் கூடாதா? இவ்வளவு இயல்பாகப் பொருந்திய ஒன்று அயலிலிருந்து வந்ததாக இருக்க முடியுமா? கொரியாவிலும் இதே கேள்வியைக் கேட்டு, தங்கள் நாட்டில் தொன்மையான மிளகாய் இருந்தது என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இந்த மறுப்புக்குச் சொல்ல வேண்டிய பதிலில் முதலாவது தாவரவியல்: இந்தச் செடியின் காட்டு உறவினங்கள் அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. இரண்டாவது பதில் நம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், சுக்கு சேரும்; மிளகாய் சேராது. அழகர்கோயில் தோசையின் காரமும் மிளகின் காரம்தான். மரபு பேணும் வீடுகளில் திவசச் சமையல் நடக்கும் நாளில் மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் விலகி நிற்க, வாழைக்காயும் பாகற்காயும் சேப்பங்கிழங்கும் மிளகோடு இலைக்கு வருகின்றன. முன்னோர் அறியாத உணவை முன்னோருக்குப் படைப்பதில்லை என்ற எண்ணம் இதன் பின்னே இருப்பதாகக் கொள்ளலாம். எந்தக் காய் பழையது, எது புதியது என்ற பட்டியலை எந்த நூலையும் புரட்டாமல் நம் அடுக்களை நினைவில் வைத்திருக்கிறது.

அடுத்து, இந்த விதையை ஏற்றவர் யார் என்ற கேள்வி. சீனத்தின் குய்சோ மலைநாட்டில் உப்பு விளையாது. வெளியிலிருந்து வரும் உப்பை விலை கொடுத்து வாங்கச் சாதாரணக் குடும்பங்களால் முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைச் சேர்த்துக்கொண்டதாக உள்ளூர்ப் பதிவுகள் சொல்கின்றன. வெறும் சோற்றையும் கஞ்சியையும் தொண்டைக்குள் இறக்க ஏதாவது ஓர் உறைப்பு வேண்டும். உப்பு இல்லாதபோது மிளகாய் அந்த வேலையைப் பார்த்தது. பிற்காலத்தில் மிளகாயின் பெயரால் புகழ்பெற்ற சிச்சுவான் சமையலுக்கு அது நன்றாகவே பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. நம் பக்கம் பார்த்தால், மிளகு மலையின் பயிர். மிளகாய் மானாவாரியின் பயிர். இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து வறண்ட நிலங்களில் பல பயிர்கள் எளிதில் கைகொடுக்காத இடத்தில் அது நின்று காய்த்தது. மலைச்சரக்கை விலைக்கு வாங்க முடியாதவர் தம் கொல்லையிலேயே காரத்தை வளர்த்துக்கொள்ள முடிந்தது. பழைய சோற்றுக்கு ஒரு பச்சை மிளகாயும் இரண்டு கல் உப்பும் போதும் என்ற நிலைமையை எந்த வணிகக் குழுவும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. காரத்துக்கான செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனதால் வந்த நிலைமை அது.

எல்லாமே வெளியிலிருந்து வந்தது என்றால் நமக்கென்று சமையல் என்ன இருக்கிறது என்ற கேள்வி இப்போது வரும். இதுதான் இந்தப் பொருளில் வலுவான மறுப்பு. இதற்குப் பதில் காயில் இல்லை, கைப்பக்குவத்தில் இருக்கிறது. மோர்மிளகாய் போடுவதைப் பாருங்கள். காம்பு போகாமல் காயின் நுனியைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவைப்பார்கள். காலையில் எடுத்து வெயிலில் பரப்புவார்கள். மாலையில் மறுபடி அதே மோருக்குள். மோர் முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும்வரை நான்கைந்து நாள் இது நடக்கும். பிறகு சருகாக உலர்த்தி எடுத்துவைத்து, வேண்டும்போது எண்ணெயில் போட்டுக் கருஞ்சிவப்பாகப் பொரிப்பார்கள். சுண்டைக்காய்க்கும் மணத்தக்காளிக்கும் இருந்த பழைய வற்றல் முறை இது. புதிய காயை அந்த முறைக்குள் இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஹங்கேரியில் பன்றிக்கொழுப்பில் வெங்காயம் வதங்கியதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பாப்ரிகாப் பொடியைப் போடுகிறார்கள். தீயில் இருந்தால் பொடியிலுள்ள சர்க்கரை கருகிக் கசந்துவிடும். கொரியர் உப்பிட்ட முட்டைக்கோசோடும் புளித்த மீனோடும் அதைச் சேர்த்து நொதிக்க விட்டார்கள். மிளகாய் சேர்ந்த கிம்ச்சியின் செய்முறை 1766ஆம் ஆண்டு நூலொன்றில் பதிவாகியிருக்கிறது. காய்கறியை உப்பில் நொதிக்கவைக்கும் வழக்கமோ அதைவிட மிகப் பழையது. நாம் கருகக் கருகப் பொரிப்பதும் ஹங்கேரியர் கருகிவிடுமோ என்று அஞ்சுவதும் ஒரே காயைத்தான்.

பொருள் பயணம் செய்யும். பக்குவம் அதோடு பயணம் செய்வதில்லை என்பதற்கு மக்காச்சோளம் துயரமான சான்று. மெக்சிகோ மக்கள் அதைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, தோலை நீக்கி, அதன் பிறகே அரைத்து உண்டார்கள். ஐரோப்பியர் விதையை எடுத்துக்கொண்டார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அந்த வேலை அவர்கள் கண்ணுக்கு ஏதோ பழங்குடிப் பழக்கமாகப் பட்டிருக்க வேண்டும். 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காசால் என்ற மருத்துவர், மக்காச்சோளமே உணவாகக் கொண்ட ஏழைகளின் தோல் சிவந்து வெடிப்பதைக் குறித்துவைத்தார். வட இத்தாலியில் பெலாக்ரா என்று பெயர் பெற்ற அந்நோய், 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. உடலுக்கு வேண்டிய நியாசின் அந்தத் தானியத்தில் இருந்தும், சுண்ணாம்பு நீர் இல்லாமல் அது உடலில் சேரவில்லை என்பது மிகப் பிந்தித்தான் தெரிந்தது. ஒரு நாட்டின் சமையல் என்பது அங்கே விளையும் பொருள்களின் பட்டியல் அன்று. அந்தப் பொருளை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு அது. பட்டியலை ஒரு கப்பலில் ஏற்றிவிடலாம். அறிவைப் பெற அந்தச் சமையல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தேசியச் சமையல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இத்தாலியைப் பாருங்கள். 1544 முதல் தாவரவியல் நூல்களில் பேசப்பட்ட தக்காளி, நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் சாறாக இடம்பெற 1690கள் வரை காத்திருந்தது. அப்போதும் அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்பானிய முறைச் சாறு. இன்று இத்தாலியின் அடையாளமாக உலகம் கருதும் ஒன்று, இத்தாலிய நூலில் அயல்நாட்டுப் பண்டமாகத்தான் நுழைந்தது. இத்தாலி என்ற அரசு உருவானது 1861இல். அர்த்தூசி 1891இல் வெளியிட்ட சமையல் நூல் வட்டாரச் சமையல்களை ஒரே மொழியில், ஒரே அட்டைக்குள் கட்டியது. இந்தியச் சமையல் என்ற கருத்தும் இப்படிச் சமையல் நூல்களின் வழியே நடுத்தர வர்க்கம் கட்டியதுதான் என்று மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார். அடுப்பு முதலில் வந்தது, தேசியக் கொடி பின்னால் வந்தது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதில் முரண் எதுவும் இல்லை. விதை மெக்சிகோவுக்குச் சொந்தம். அந்த உருண்டை வடிவையும் காரத்தையும் தேர்ந்து தேர்ந்து நிலைக்கவைத்த தலைமுறைகள் இராமநாதபுரத்து மண்ணுக்குச் சொந்தம்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய கடினமான சான்று ஒன்று இருக்கிறது. சர்க்கரை போட்ட தேநீர் பிரிட்டனின் தேசிய பானம். ஆனால் தேயிலையும் கரும்பும் எந்த ஆங்கிலக் குடியானவனின் தோட்டத்திலும் முளைக்கவில்லை. விதை கொல்லைக்கு வராமலே அங்கே ஒரு சமையல் மாறியிருக்கிறதே? மாறியிருக்கிறது, அதன் விலை என்ன என்று மட்டும் பார்க்க வேண்டும். விதை நம் மண்ணுக்கு வராவிட்டால், அது விளையும் மண்ணையும் விளைவிக்கும் ஆளையும் கைப்பற்றியாக வேண்டும். கரீபியத் தீவுகளின் கரும்புக்காக ஆப்பிரிக்கர் கடத்தப்பட்டு அடிமைகளாக உழைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பின் மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜி தோட்டங்களுக்கு நம் கூலியாட்கள் ஒப்பந்தத்தில் கப்பலேறினார்கள். இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஈராண்டில் காப்பிச் செடிகளைத் தாக்கிய இலை நோய், மலைநாடு முழுவதையும் மெல்லத் தேயிலைக்குத் திருப்பியது. கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். லண்டன் கோப்பையில் அவர்கள் உழைப்பு கரைந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. ஆகவே இந்தச் சான்று என் வாதத்தைத் தள்ளிவிடவில்லை. அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. விதை வந்தால் சமையல் மாறும். விதை வராமலும் மாறினால், வேறெங்கோ ஒரு தோட்டத்தில் மனிதர்கள் சிறைப்பட்டிருப்பார்கள்.

1972இல் வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரெட் கிராஸ்பி எழுதிய நூலுக்குப் பிறகு, பயிர்கள் இப்படிக் கண்டம் தாண்டிய நிகழ்வு முழுவதையும் கொலம்பியப் பரிமாற்றம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தமிழில் பரிமாற்றம் நல்ல சொல். கொடுத்து வாங்குவதற்கும் இலையில் சோறிடுவதற்கும் அதே வேர்தான். ஆனால் பரிமாறுகிறவருக்கும் உண்கிறவருக்கும் இடையே ஒரு விருப்பம் இருக்க வேண்டும். 1621இல் சாதிக்காய் ஏகபோகத்துக்காக டச்சுக் கம்பெனியின் ஆளுநர் கூன், பாண்டா தீவுகளின் மக்களை ஏறத்தாழ முழுவதுமாக அழித்தார். அதைப் பரிமாற்றம் என்று எழுதக் கை வரக்கூடாது. சாதிக்காய் இன்று எத்தனை நாட்டின் அன்றாடச் சட்டியில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதே கடல்களில் யார் பாதுகாப்பும் இல்லாமல், யாரையும் கொல்லாமல், மாலுமியின் பையிலோ சரக்கு மூட்டையின் மடிப்பிலோ வந்த மிளகாய் விதை இன்று எத்தனை சட்டியில் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒரு பண்டம் யாருடையது என்று நாடுகள் இன்று சண்டை போடுகின்றன. அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடைக்காது. விதை எங்கிருந்து வந்தது, யார் அதை மண்ணில் நிலைக்கவைத்தார்கள், எந்தப் பழைய பண்டத்தின் இடத்தில் அது உட்கார்ந்தது, எந்தப் பக்குவத்துக்குள் நுழைந்தது, அதற்காக வெளியே யார் வருந்தினார்கள் என்று தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. விடைகள் ஒரே நாட்டைக் காட்டாது. திவசத்தன்று மிளகாய்க்கு அடுப்பங்கரையில் இடமில்லை. மறுநாள் காலைச் சட்டினியில் அது திரும்பி வந்துவிடுகிறது. அதை அயலான் என்று மறந்துவிடவும் இல்லை, அயலான் என்று தள்ளிவைக்கவும் இல்லை. நாடு என்ற பெரிய அமைப்புக்கு இன்னும் கைவராத ஒரு நிதானம் அந்தச் சிறிய அறைக்குள் தலைமுறைகளாக நடைமுறையில் இருக்கிறது.